ஃப்ளெக்ஸ் போர்டும் மாம்பழத் தோலும்

ஃப்ளெக்ஸ்னு சொன்னதும் கல்யாண பேனர் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பல்ல. நான் சொல்றது வளையுற சர்க்யூட் போர்டு.

தமிழ்99ல மணிக்கணக்கா தட்டுறவங்களுக்கு ரெண்டாப் பிளந்து, கிண்ணம் மாதிரி குழிஞ்ச கீபோர்டு நல்லாவே ஒத்துப்போகும். உயிர் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. ரெண்டு கையும் மாறி மாறி ஓடும். இது புதுசும் இல்லை. இங்கிலாந்துல லிலியன் மால்ட் 1970களிலேயே மால்ட்ரான் கீபோர்டை இப்படித்தான் வடிவமைச்சார். இன்னைக்கு டாக்டைல் டிசைன் இலவசமா கிடைக்குது. 3டி பிரிண்டர் இருந்தா கூடு ரெடி.

சிக்கல் கூட்டுக்குள்ளதான். தட்டையான போர்டு கிண்ணத்துல உட்காராது. அதனால ஒண்ணு, கையால வயர் இழுக்கணும், இல்லைன்னா ஃப்ளெக்ஸ். "பழைய கீபோர்டைப் பிரிச்சு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கலாமே"ன்னு ஒரு யோசனை உலாவுது. அது பாலியெஸ்டர், சால்டரிங் சூட்டுலயே சுருங்கிடும். ஃப்ளெக்ஸ் போர்டு பாலிஇமைடு, சூட்டைத் தாங்கும்.

அப்போ ஒரே பெரிய ஃப்ளெக்ஸா போட்டு அமுக்கிடலாமா? கூடாதுங்கிறது என் கட்சி. எங்க காவேரிப்பட்டினத்துல மாம்பழத்தை வச்சே சொல்லிடலாம். உரிச்ச தோல் கிழியாம தரையில தட்டையா உட்காருமா? உட்காராது. அதேதான் தலைகீழா இங்கேயும்: தட்டைத் தாள் ஒரு பக்கமா வளையும், ரெண்டு பக்கமும் சேர்ந்து குழியாது. அமுக்கினா மடிப்பு விழும், மடிப்புல செம்புக் கோடு அறும். அதனால பத்தி பத்தியா நீளப் பட்டைகளா வெட்டி வரையணும். பட்டைக்குப் பட்டை ஒரு மெல்லிய பாலம், அதுவும் கொஞ்சம் தொய்வா. சுவிட்ச் உட்காருற இடத்துக்குப் பின்னாடி கெட்டித் தகடு ஒட்டணும். அந்தத் தகடு முடியுற விளிம்புலதான் விரிசல் ஆரம்பிக்கும். அங்கே சால்டர் புள்ளி வைக்காதீங்க.

இவ்வளவு செஞ்சும் 60 சுவிட்சுக்கு 120 கால் சால்டர் பண்ணியே ஆகணும். மிச்சமாகிறது வயரை வெட்டி, உரிச்சு, இழுக்கிற வேலை மட்டும்தான். ஒரே ஒரு கீபோர்டுக்கு அந்த மிச்சம் கட்டுப்படியாகாது. பெங்களூரு எஸ்.பி. ரோடுல டயோடும் வயரும் வாங்கி, ஒரு ஞாயித்துக்கிழமையைக் கொடுத்துடுங்க.

இத்தனைக்கும் எங்க மாவட்டத்துலதான், ஓசூர் பக்கம், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்குக் கூடு செய்யுது. பெரிய ஆலை லட்சக்கணக்குல யோசிக்கும், நம்ம தேவை ரெண்டு பட்டை. நடுவுல இருக்கிற பள்ளத்தை நாமதான் நிரப்பணும். நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே டிசைன், ஒரே ஆர்டர்னு போனா ஃப்ளெக்ஸ் நியாயமான செலவு. தனியாப் போனா அது வெறும் பந்தா.

கூட்டுக்கு ஆள் இருக்கீங்களா, மக்களே?