பாலர் பள்ளிக்குப் பிள்ளை ஆயத்தமா?



வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தமிழகச் சிற்றூர்களில் அதுவே வயதுக்கு அளவுகோல். இன்று அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால், பாலர் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் எழுதுகோலைக் கொடுத்து, "அ முதல் ஃ வரை எழுது, ஐம்பது வரை எண்ணு" என்று சோதிக்கும் இக்கால வழக்கத்தைவிட அது மேல் என்பேன். கையின் நீளமாவது உடல் வளர்ச்சியைக் காட்டியது. மனப்பாடமோ பெற்றோரின் உழைப்பை மட்டுமே காட்டுகிறது.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? தாயைப் பிரிந்து சில மணி நேரம் இருக்க முடிகிறதா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரிகிறதா? தானே உண்ணவும் கை கழுவவும் காலணி மாட்டவும் முயல்கிறதா? "புத்தகத்தை எடுத்து மேசைமேல் வை" போன்ற இரண்டு படிக் கட்டளையைப் புரிந்துகொள்கிறதா? பிற பிள்ளைகளோடு விளையாடுகையில் தன் முறைக்குக் காத்திருக்கிறதா? இவையே உண்மையான அடையாளங்கள். எழுத்தும் எண்ணும் பின்னர் வரும். அவற்றைக் கற்பிக்கத்தானே பள்ளி இருக்கிறது!

நம் நாட்டில் பிறந்த ஆண்டைக் கொண்டே வகுப்பு அமைகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஐந்து வயதில் 11 மாத இடைவெளி என்பது அப்பிள்ளையின் வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதை மறந்து, இளைய பிள்ளையை 'மந்தம்' என்று முத்திரை குத்துவது அநீதியாகும். அந்த முத்திரை எளிதில் அழியாது.

மற்றொன்று மொழி. வீட்டில் தமிழே பேசி வளர்ந்த பிள்ளையை ஆங்கிலத்திலோ மலாயிலோ வினவினால், அது வாய்மூடி நிற்கும். அந்த மௌனத்தை அறியாமை என்று குறித்துக்கொள்வது பிள்ளையின் குறையன்று; சோதித்தவரின் குறை. எந்த மொழியில் அழுகிறதோ, அந்த மொழியிலேயே முதலில் கேளுங்கள். தாய்மொழியிலும் பேச்சு மிகக் குறைவாக இருந்தாலோ, அழைத்தால் திரும்பாவிட்டாலோ, கண்டிக்காமல் சுகாதாரக் கிளினிக்கில் செவிப்புலனையும் பேச்சு வளர்ச்சியையும் சோதிக்கச் செய்யுங்கள். ஆண்டுகளைத் தள்ளிப்போடுவதால் அக்குறை தீராது.

1837இல் ஜெர்மனியில் சிறுபிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிய ஃபுரோபெல், 1840இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' என்று பெயரிட்டார். தோட்டத்தில் நாற்றுக்குத் தேர்வு வைப்பார் இல்லை. மண்ணைப் பண்படுத்துவதே தோட்டக்காரரின் கடமை. ஆகவே, பிள்ளை பள்ளிக்கு ஆயத்தமா என்று கேட்கும் நாம், பள்ளி அப்பிள்ளைக்கு ஆயத்தமா என்றும் கேட்டாக வேண்டும். அழும் பிள்ளையை மடியில் இருத்த ஒருவர் உண்டா? முதல் வாரங்களில் பெற்றோர் சற்று நேரம் உடனிருக்க இடம் தருகிறோமா? விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோமா?

மதிப்பீடு தேவைதான். ஆனால் அது பிள்ளையை வாயிலில் நிறுத்தும் தடையாக இருத்தலாகாது. உள்ளே வந்தபின் எங்கே கைகொடுக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லும் குறிப்பாக இருக்க வேண்டும். சிந்திப்போமாக.