மாத்திரையின் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

டாக்டர் சீட்டு எழுதுகிறார். கடைக்காரர் மருந்தை எடுத்துக் கொடுக்கிறார். நாம் பணம் கொடுக்கிறோம். ஆனால் பல மருந்துகளின் விலை, நாடுகள் செய்து கொள்ளும் வியாபார ஒப்பந்தங்களைப் பொறுத்தே ஏறுகிறது, இறங்குகிறது.

1970-ல் நமது பார்லிமெண்ட் ஒரு பேடண்டுச் சட்டம் இயற்றியது. மருந்துக்கு ஏகபோக உரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அச்சட்டம். பிற நாட்டார் கண்டுபிடித்த மருந்தை வேறு முறையில் தயாரிக்க நம் கம்பெனிகளுக்கு வழி பிறந்தது. போட்டி வளர்ந்தது, விலை இறங்கியது. பிறகு 1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனம் தோன்றிற்று. அதன் ஒப்பந்தப்படி, 2005 முதல் மருந்துக்கே 20 ஆண்டு பேடண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு வாசல் உண்டு. பேடண்டு பெற்றவர் இசையாவிட்டாலும், வேறு கம்பெனிக்குச் சர்க்கார் 'கட்டாய லைசென்ஸ்' வழங்கலாம். ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை அதற்குத் தக்க காரணம் என்கிறது நம் சட்டம்.

2012 மார்ச்சில் அந்த வாசல் முதன்முறையாகத் திறந்தது. ஜெர்மனியின் பேயர் கம்பெனி விற்ற ஒரு புற்றுநோய் மருந்துக்கு மாதம் சுமார் ரூ.2,80,000 ஆயிற்று. அதையே ரூ.8,880-க்குத் தயாரித்து விற்க ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு லைசென்ஸ் கிடைத்தது. பேயருக்கு 6 சதவிகிதம் ராயல்டி என்றும் உத்தரவாயிற்று.

ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிறோம், லாபம் இல்லையேல் புது மருந்து எப்படி வரும் என்று கேட்கின்றன பெரிய கம்பெனிகள். நியாயமான கேள்விதான். ஆனால் வாங்க வழியில்லாத நோயாளிக்கு, மருந்து இருந்தும் இல்லாததே!

பின்னர் வேறு கம்பெனிகள் இதே லைசென்ஸ் கேட்டபோது கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தமோ, பேடண்டுதாரர் தாமாக இசைந்து தரும் லைசென்ஸே விரும்பத்தக்க வழி என்கிறது. கட்டாய லைசென்ஸை அது ரத்துச் செய்யவில்லை, பின்வரிசைக்குத் தள்ளியிருக்கிறது.

தாமாகத் தரும்போது விலையும் நிபந்தனையும் பேடண்டுதாரர் கையில். அவர் மறுத்தால் என்ன செய்வது? அப்போதுதான் பழைய வாசல் வேண்டும். சட்டத்தில் அது இருந்தால் போதாது; தேவைப்படும் வேளையில் திறக்கச் சர்க்காருக்குத் துணிவும் வேண்டும்.