பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள்!

"ஏம்மா, நம்ம வயலெல்லாம் கடலுக்குள்ள போயிடுமா?" ராத்திரி சோறு பிசைந்து போடும்போது பிள்ளை கேட்கிறது. "பேசாம சாப்பிடு" என்று அதட்டுகிறீர்களா? வேண்டாமே, ப்ளீஸ்!

தஞ்சைப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கதையைக் கேட்டு வளர்கிறவர்கள். அறுவடை நேரத்தில் மழை கொட்டி, நெல் முளைத்துப் போவதைக் கண்ணால் பார்க்கிறவர்கள். பயம் வராதா என்ன?

மனசுக்குள் பூட்டிய பயம் தூக்கத்தைக் கெடுக்கும், வயிற்றுவலியாகக்கூட வெளிவரும். எனவே, முதலில் காது கொடுங்கள். அப்புறம் நிஜத்தைச் சொல்லுங்கள்.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது; புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. 2023-ல் விவசாயிகளும் மாநில அரசும் எதிர்த்ததும், வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வாய் திறந்து கேட்டதால்தானே கிடைத்தது! ஆனால், ஏற்கெனவே இருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அதையும் பிள்ளையிடம் மறைக்காதீர்கள்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசவில்லையா? உங்கள் பிள்ளையும் கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். தபால்தலையை நீங்கள் ஒட்டிக் கொடுங்கள்!