பள்ளிக்கூடத்து நாற்காலியும் நகரசபை நாற்காலியும்

டொரொண்டோவில் மூன்று ஆண்டுகளில் மூன்று பேர் ஒரே வழியாக நகரசபைக்குள் போயிருக்கிறார்கள். 2023 நவம்பரில் பார்த்தி கந்தவேள், 2024 நவம்பரில் ரேச்சல் செர்னோஸ் லின், 2025 செப்டம்பரில் நீதன் சாண். மூவரும் இடைத்தேர்தலில் ஜெயித்தவர்கள். மூவரும் அதற்கு முன் அந்த ஊர்க் கல்விச் சபையில் ட்ரஸ்டிகளாக இருந்தவர்கள். இருவர் ஈழத்து வழி வந்த தமிழர்கள் என்பதால், ஸ்கார்பரோவில் பிள்ளைகள் இருக்கும் நம் புதுவைக்காரர்கள் போனில் பெருமையாகச் சொல்கிறார்கள். "பள்ளிக்கூடத்தை ஏணியாக்கி ஏறிவிட்டார்கள்" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

ட்ரஸ்டி என்றதும் நமக்குக் கோயில் தர்மகர்த்தாதான் ஞாபகம் வரும். அங்கே அது ஓட்டு வாங்கி வரும் பதவி. கவுன்சிலர் தேர்தல் நடக்கும் அதே நாளில், 4 ஆண்டுக்கு ஒருமுறை, 22 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அவர்கள் பொறுப்பு. வரி போடும் அதிகாரம் கிடையாது. அதை ஒன்டாரியோ மாகாண அரசு 1998-லேயே எடுத்துக்கொண்டது. மாகாணம் கொடுக்கிற பணத்துக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். கவுன்சிலர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ட்ரஸ்டிக்குக் கிடைப்பது கைச்செலவுக் காசுதான்.

ஏணி என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே! எந்தப் பள்ளியின் கூரையை முதலில் மாற்றுவது, எந்தத் தெருவோடு பள்ளி எல்லையை நிறுத்துவது என்று கோபத்திலிருக்கும் பெற்றோர் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னவருக்கு நகரசபை பட்ஜெட் புதிதாக இருக்காது. பட்ஜெட் ஃபைலை எந்தப் பக்கமாகத் திறப்பது என்றுகூடத் தெரியாமல் பதவிக்கு வந்தவர்களை என் குமாஸ்தா உத்தியோகத்தில் பார்த்திருக்கிறேன். நான் படித்த பிரெஞ்சில் நகரசபை உறுப்பினருக்கும் யோசனை சொல்பவருக்கும் 'கொன்செய்யே' என்று ஒரே சொல்தான். யோசனை சொல்ல வேண்டுமானால் முதலில் எங்காவது கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

நீதன் சாண் கதையில் ஏற்றம் மட்டும் இல்லை. 2016-இல் ட்ரஸ்டி, 2017-இல் கவுன்சிலர். 2018-இல் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் நகரசபையை 25 வார்டுகளாகச் சுருக்கினார். அந்தத் தேர்தலில் தோற்றார். 2022-இல் மறுபடி பள்ளிக்கூடத்து நாற்காலிக்கே வந்து, பிறகு கல்விச் சபைத் தலைவரும் ஆனார். பெரிய பதவியில் இருந்துவிட்டுச் சின்னப் பதவிக்கு இறங்கி வருபவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்?

எனக்குப் பிடிக்காதது பாதியில் போவதுதான். 2016-இல் ஓட்டுப் போட்ட பெற்றோருக்கு அவர் ஒரே வருஷம்தான் கிடைத்தார். இடைத்தேர்தல் நாள் பார்த்து வருவதில்லை என்பது சரி. ஆனாலும் அந்தப் பெற்றோருக்கு அது நஷ்டம்தான். 2025-இல் போனதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஜூனிலேயே மாகாணக் கல்வி மந்திரி ஒரு மேற்பார்வையாளரை நியமித்து ட்ரஸ்டிகளின் அதிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டார். அவர் விட்டுப் போனது வெறும் நாற்காலி.

வெறும் நாற்காலி புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதா என்ன? 1954-இல் கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்களே, அவர்களில் நகரசபை உறுப்பினர்களும் இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட சபைக்கு 1968-க்குப் பிறகு தேர்தல் நடக்க 38 ஆண்டு ஆயிற்று. 2006-இல் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதோடு சரி, எல்லாம் அதிகாரிகள் கையில். 2014 மழையில் இடிந்த மேரி கட்டடத்தை அழகாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். உள்ளே உட்கார மேர் இல்லை, கவுன்சிலரும் இல்லை.

அங்கே ஏணியில் ஏறியது தப்பா என்று சண்டை போடுகிறார்கள். இங்கே அரசியலுக்கு வர நினைக்கும் பிள்ளை எடுத்த எடுப்பில் எம்.எல்.ஏ. ஆக வேண்டும். சட்டம் செய்ய அனுப்பிய அந்த எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான், தெருவிளக்கு எரியவில்லை என்று நாமும் மனுவோடு நிற்கிறோம்.