ஆறே மேட்ச், கோச் அவுட்!

இந்த மட்டாஞ்சேரி டீக்கடையில் பீட்டர் டெய்லர் பேரை எடுத்தாலே சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருது மக்களே! 1976-ல் மூணாவது டிவிஷனில் கிரிஸ்டல் பேலஸுக்கு ஆடிக்கிட்டே இங்கிலாந்து அணிக்குப் போன மனுஷன். 2000-ல் ஒரே ஒரு மேட்சுக்குத் தற்காலிகக் கோச்சாக வந்து பெக்காமைக் கேப்டன் ஆக்கினவர். 2015-ல் கேரளா பிளாஸ்டர்ஸில் அவருக்குக் கிடைத்தது ஆறே மேட்ச். ஒரு வெற்றி, ஒரு டிரா, வரிசையா நாலு தோல்வி. மூட்டை கட்டியாச்சு.

பக்கத்து ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் ரூஃபஸ் டிசூசா பல பத்தாண்டுகள் காசு வாங்காமல் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார். ஆறு மேட்சில் கணக்கை முடிச்சிருந்தா ஒருத்தனாவது தேறியிருப்பானா?

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நாமும் ரெண்டு மேட்ச் தோத்தா கோச்சை மாத்துறோம். மாத்த வேண்டியது கோச்சை இல்லீங்க, நம்ம அவசரத்தை!