மாமாவுக்கும் பில் அனுப்புங்கோ

படிக்கேக்க ஸ்காபரோ கடைகளுக்கு வெப்சைட் செய்து குடுக்கத் தொடங்கினன். கோடிங்கை விடக் கஷ்டம், காசு கேக்கிறதுதான். "தம்பி, எங்களிட்டயும் காசோ?" எண்டு கேப்பினம். ஓம், உங்களிட்டயும்தான்! சும்மா செய்து குடுத்தால், பிழையைத் திருத்தச் சொல்ல அவைக்கும் கூச்சம். இரவிரவா இருந்து திருத்த எங்களுக்கும் மனமில்லை. காசு வாங்கினால் ரெண்டு பக்கமும் உரிமையோட கதைக்கலாம்.

கூச்சத்தில விலையைக் குறைக்கவும் வேண்டாம். கனடாவில ஸ்ட்ரைப் வழமையா ஒரு கார்ட் பேமெண்டுக்கு 2.9 வீதமும் 30 சதமும் எடுக்கும். 5 டொலர் வாங்கினால் கிட்டத்தட்ட 9 வீதம் போயிடும். 50 டொலரில 3.5 வீதம்தான்.

லோகோ, கம்பனிப் பதிவு எல்லாம் பிறகு பாக்கலாம். சொந்தக்காரரிட்டக் கூசாமல் விலை சொல்லப் பழகுங்கோ. பிறகு ஆரிட்டயும் சொல்லலாம்.