குதிக்கும் முன் குடையைப் பார்

விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்க நெஞ்சுரம் ஒன்றே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும் என்பது என் கருத்து, தோழியரே!

குதிப்போர் முதுகுப் பையில் இரண்டு குடைகள் உண்டு. முதலாவது சிக்கினால் அதைக் கழற்றிவிட்டு மற்றதை விரிப்பார்கள். அமெரிக்காவில் இந்த இரண்டாவது குடையை உரிமம் பெற்றவரே மடிக்க வேண்டும். ஒருமுறைகூட விரியாவிட்டாலும் 180 நாட்களுக்குள் அதைப் பிரித்துச் சோதித்து மீண்டும் மடித்திருக்க வேண்டும். குதித்தவர் மயங்கினாலும் அதைத் தானே விரியச் செய்யும் சைப்ரஸ் என்னும் கருவி 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்தது.

பிறகும் விபத்து ஏன்? நன்றாக விரிந்த குடையின் கீழேயே பலர் அடிபடுகிறார்கள்! சிறிய குடை வேகமாகப் பறக்கும். தரையருகே சட்டென்று திருப்பினால் பாய்ந்து இறங்கும். தேர்ந்தவர்கள் புதியவர்களுக்குப் பெரிய குடையையே சொல்கிறார்கள். தோழர்களின் கேலிக்கு அஞ்சிச் சிறியதற்கு மாறுவது வெறும் பகட்டு. பழைய குடை மலிவாகக் கிடைத்தாலும், மடிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்கக்கூடாது. (சேலை எடுக்கும்போது நாம் பார்க்கும் பார்வை இதற்கும் வேண்டாமா?)

பெண்களுக்கு இது ஆகாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டு ரேச்சல் தாமஸ் 1979இல் முதன்முறை குதித்தார். 2002இல் வட துருவத்திலும் குதித்தார்.

பெற்றோர்களே, உங்கள் மகளும் ஆசைப்பட்டால், இரண்டாவது குடையை மடித்த தேதியைக் கேளுங்கள். அதைக் குறித்த அட்டை பையிலேயே இருக்கும்.